ஆர்லீன் தேடிய ஹைன்ரிக்

கல்லறைக் கல்லோரம் குந்தி, குளியலறையிலிருந்து கழற்றி வந்த கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலை எழுத்துகளின் மேல் பக்கவாட்டில் விழவைக்கிறாள் ஆர்லீன். "மூஞ்சியக் காட்டுடா. நூத்தம்பது வருஷமாப் படுத்துக் கெடக்கற, பேரச் சொல்ல இவ்ளோ பிகுவா?" செத்தவர்களிடம் இப்படித்தான் பேசுவாள். உயிரோடு இருப்பவர்களிடம் இன்னும் மோசம். ஷேவிங் நுரையைப் பூசி எழுத்தைப் படிக்கும் வெளியூர்க்காரர்களைக் கண்டால் விடமாட்டாள். "கல்லு அரிச்சுப் போகும். அது உங்க தாத்தாவோட கல்லறை, கன்னமில்ல!"

அமெரிக்காவில், மிசௌரியின் இந்தப் பக்கத்தில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்களில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்க, அவள் சமையலறைக்குத்தான் வருகிறார்கள். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சொல்வாள். வந்தவர் கையிலும் ஒரு கத்தியைத் திணித்துவிடுவாள்.

ஆனால் சொந்த வம்சத்து மரத்தில் அவள் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகஸ்டுதோறும் அவள் பிறந்த ஹோல்ட்கிரேவ் வம்சம் தேவாலயக் கூடத்தில் கூடும்போது சுவரில் ஒரு பெரிய துணி விரியும். உச்சியில் கப்பலேறி வந்த ஹைன்ரிக், கீழே கிளை கிளையாக மகன்கள். மகள்கள் தங்கள் பெயரோடு நின்றுவிடுவார்கள். துணி ஒன்றுவிட்ட அண்ணன் வெர்னனின் பொறுப்பு. "கட்டிக் குடுத்த பொண்ணு, புருஷன் வீட்டு மரத்துல தொங்கட்டும்" என்பார்.

அந்த ஹைன்ரிக்கின் பிறப்பைத்தான் ஆர்லீன் வருடக்கணக்காகத் தேடினாள். ஜெர்மனியில் எந்தத் தேவாலயத்துக்கு எழுதினாலும், ஹோல்ட்கிரேவ் வீட்டில் அப்படியோர் ஆண்குழந்தை பிறக்கவே இல்லை என்றார்கள். திருமணப் பதிவைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆண்பிள்ளையின் பெயர் பிறப்போடு வருவதுதானே?

இந்த வசந்தத்தில், பக்கத்து ஊரில், போல்மன் என்றொருவனின் கல்லறைக் கல்லில் கண்ணாடி வெளிச்சம் விழுந்ததும் அடிவரி எழும்பியது: 'ஹைன்ரிக் ஹோல்ட்கிரேவின் கூடப்பிறந்தவன்.'

அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளாம். ஜெர்மனியில் அவர்கள் பக்கத்துப் பழைய வழக்கம் அது. பண்ணைக்கு மகளே வாரிசென்றால், அவளைக் கட்டி வருகிறவன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை ஏற்பான். ஹைன்ரிக் பிறப்பில் போல்மன். ஹோல்ட்கிரேவாகப் பிறந்தவள் அவன் மனைவி எலிசபெத். திருமணப் பதிவைக் கேட்டு ஜெர்மனிக்கு எழுதியபோது, ஆமாம் என்று பதிலும் வந்தது.

ஆகஸ்டில் எல்லோரும் சாஸேஜ் தட்டோடு உட்கார்ந்திருக்கையில் ஆர்லீன் ஆரம்பித்தாள்.

"வெர்னன் அண்ணே, பொண்ணு வழி கணக்குல வராதா?"

"எத்தன தடவ சொல்றது? வராது."

"அப்ப துணியச் சுருட்டு. உன் பேரே பொண்ணு வழில வந்ததுதான். நம்ம ஹைன்ரிக், வீட்டோட மாப்பிள்ள!"

கூடமே கொல்லென்று சிரித்தது. "அதான் பாத்தேன், இந்த வீட்டு ஆம்பளைங்க பொண்டாட்டிக்கு அடங்கறது பரம்பரை வியாதி போல" என்றாள் வெர்னனின் மனைவி நோர்மா.

வெர்னன் சிவந்துபோனார். கல்லின் படத்தையும் வந்த பதிலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த மைப்பேனாவை நீட்டினார்.

"இந்தா, எழுதித் தொல. உன் பசங்க பேரையும் சேத்தே எழுது."

ஆர்லீனின் மகள் ஓடிவந்து இடம் காட்டினாள். "இங்கம்மா, உன் பேருக்குக் கீழ."

ஆர்லீன் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிழட்டு முழங்காலைத் திட்டிக்கொண்டே பெஞ்சின் மேல் ஏறினாள். ஹைன்ரிக்குக்கு மேலே வெறுமையாகக் கிடந்த துணியை, எலிசபெத்தின் பெயருக்காக, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினாள்.