வழி பார்க்கப் போனவரின் பங்கு

எங்கள் தகரக் கொட்டிலுக்கு முன்னால், மாமரத்தடிப் பாயில், அந்த விடுமுறையில் உலகம் அழிந்து போயிருந்தது.

அழிந்த உலகத்தைச் சுவீடனிலிருந்து கொண்டுவந்தவர் அண்ணா. பெரியப்பாவின் மகன், அங்கேயே பிறந்தவர். ஒரு தடித்த புத்தகம், மூன்று நிறத் தாயக்கட்டைகள், ஆட்களின் விபரம் எழுதும் அட்டைகள். விளையாட்டுத்தான், ஆனால் பலகை கிடையாது, காய் கிடையாது. நச்சு மண்ணுக்கு நடுவே பதுங்கிடம் ஒன்றில் கொஞ்சப் பேர் மிஞ்சியிருக்கிறார்கள். இடிந்த ஊர்களுக்குள் போய்ப் பழைய காலத்துச் சாமான்களைத் தேடி வருவது அவர்கள் வேலை. அண்ணா கதையைச் சொல்வார். எங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைக் கட்டை சொல்லும்.

இடிந்த உலகத்தைச் சொல்ல அண்ணாவின் தமிழ் போதவில்லை. "வீடு இருக்கு, ஆனா மேல இல்லை," என்பார். கூரை பறந்த வீடு என்று எடுத்துக் கொடுப்பேன். "மண்ணுக்குள்ள வீடு?" பங்கர். அதற்கு மேலே மூடுவது? தறப்பாள். "உனக்கு எல்லாம் தெரியுது. பள்ளிக்கூடத்தில நல்லாப் படிப்பிக்கினம்," என்று அவர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. முள்ளியவளையில் எங்கள் வளவின் இரண்டு பக்கமும் ஆட்கள் திரும்பி வராத காணிகள். விளையாட வேறு ஆள் இல்லாததால் மூன்று பேரை நானே எடுத்துக்கொண்டேன்: சாமான் திருத்துகிறவர், நாய் வளர்க்கிறவர், எல்லோருக்கும் முன்னால் போய் வழி பார்க்கிறவர். மூவருக்கும் மூன்று குரல் வைத்தேன். அண்ணா குளிக்கப் போனாலும் அவர்களை ஒருவரோடு ஒருவர் கதைக்க விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணாவைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வந்த காரியம் வேறு. தகரக் கொட்டிலில் எதுவும் இரகசியமில்லை, எனக்கும் தெரியும். அப்பா கடைசிச் சண்டைக்குள் காணாமல் போனவர். காணி அவர் பெயரில் இருந்தது. இறப்புச் சான்றிதழ் எடுத்தால்தான் அது அம்மாவின் பெயருக்கு மாறும். மாறினால்தான் வீட்டுத் திட்டத்தில் கல்வீடு கிடைக்கும். பெரியப்பா விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு அம்மாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்.

"இருந்தால் வந்திருப்பான், பிள்ளை. என்ரை தம்பியை எனக்குத் தெரியாதோ?"

"நீங்கள் கண்ணால கண்டனீங்களோ, அத்தான்?"

ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு வரிகள்தான். பிறகு சட்டி பானைச் சத்தம் கேட்கும்.

வழி பார்க்கிறவர் தனியாக ஆற்றைக் கடந்த அன்று கட்டைகள் கெட்டபடி விழுந்தன. "அவர் செத்திட்டார்," என்று சொல்லி அண்ணா அட்டையைக் கிழிக்கக் கையை நீட்டினார். நான் அதன் மேல் ஏறி இருந்துவிட்டேன்.

"ஆர் கண்டது?"

"கட்டை சொல்லுது."

"தனியத்தானே போனவர். மற்ற ரெண்டு பேரும் காணேல்லை. காணாமல் எப்பிடிச் செத்தது எண்டு எழுதுறது?"

புத்தகத்தில் அதற்கு விதி இல்லை. இன்னொரு விதி இருந்தது: ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர். தண்ணீருக்குப் புளியங்கொட்டைகளை வைத்திருந்தோம். வழி பார்க்கப் போனவரின் பங்கையும் நான் தவறாமல் எடுத்து வைத்தேன். எடுத்து வைத்ததை மற்றவர்கள் தொடக் கூடாது.

"செத்த ஆளுக்கு ஏன் தண்ணி?"

"வந்தால் விடாய்ச்சுத்தானே வருவார்."

பெரியப்பாவும் அண்ணாவும் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் தண்ணீர் முடிந்தது. நாய் வளர்க்கிறவர் எழும்ப மாட்டாமல் கிடந்தார். "அந்த ஆளின்ரை பங்கைக் குடி. இல்லாட்டி எல்லாரும் சாகினம். கேம் முடிஞ்சுது," என்றார் அண்ணா. நான் மாட்டேன் என்றேன். அவர்கள் போனபின் எனக்கு மிஞ்சப்போவது அந்த மூன்று குரல்கள்தான். அழக் கூடாது என்று பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டையை உருட்டாமலே சொன்னார்: "சரி. வாறார். வழி பாக்கிறவர். ஒரு கான் தண்ணியும் கொண்டு வாறார்."

தேநீர் கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றார். பிறகு தட்டத்தோடு பாயின் ஓரத்தில் இருந்தார்.

"இவ்வளவு நாளும் எங்கை இருந்தவராம், தம்பி?"

அண்ணா புத்தகத்தைப் பார்த்தார். "ஆத்துக்கு அங்கால, சித்தி. ஒரு பழைய பள்ளிக்கூடத்தில."

"தனியவோ?"

"இல்லை. வேற ஆக்களும் இருந்தவை."

"சாப்பாடு குடுத்தவையோ?"

"ஓம்."

"ஆரும் அடிச்சவையோ?"

அண்ணா பக்கத்தைப் புரட்டினார். வெறும் படம்தான் இருந்தது. "இல்லை, சித்தி. அடிக்கேல்லை."

"பிள்ளையைக் கேட்டவரோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவருக்குப் பிள்ளை இல்லை. அட்டையைப் பாருங்கோ. ஒரு கத்தியும் கயிறும்தான் எழுதியிருக்கு."

அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. "கேட்டவர், சித்தி," என்றார் அண்ணா.

கொட்டில் வாசலில், கையில் பேனையோடு, பெரியப்பா நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. அண்ணாவைப் பார்க்காமல், மாமரத்தைப் பார்த்துக் கேட்டார்:

"முட்டு இழுக்கேல்லையோ அவனுக்கு? சின்னனிலையே பனிக்கு ஆகாது."

அப்படி மூச்சிழுக்கிற வருத்தம் ஒன்றும் அட்டையில் இல்லை என்று நான் தொடங்கினேன். அண்ணா என் முழங்காலில் கையை வைத்து அமத்தினார். "கொஞ்சம் இருந்ததாம், அப்பா. இப்ப சுகமாம்."

பெரியப்பா தலையை ஆட்டினார். மறுநாள் போகும்வரை விண்ணப்பத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஆனால் அன்று பின்னேரம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. விதி ஒன்றுமே தெரியாத பெரியவர்கள் இருவர் ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டு விளையாட்டைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்துவிட்டது, நாய் வளர்க்கிறவர் பிழைக்க வேண்டும், இருட்டுவதற்குள் எவ்வளவோ வேலை கிடந்தது.

"அண்ணா, இப்ப ஆரின்ரை முறை?" என்று கேட்டேன்.

அம்மா இன்னும் அண்ணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்ததாக எதைக் கேட்கலாம் என்று.