நான் தைத்து மூடிய ஓட்டை

ஒரு இடம் ஒழுங்கில்லாமல் கிடந்தால் எனக்குக் கை பரபரக்கும். சால்ட் லேக் ஆபீஸில் என் மேசையைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பெஹாலாவில் என் துணி அலமாரியைத் திறக்கப் பயப்படும் அம்மா நிச்சயம் நம்ப மாட்டாள். அந்தப் பரபரப்பு எனக்கு அடுத்தவர் இடத்தைப் பார்த்தால்தான் வரும்.

மைதானத்துப் பக்கம் ஒரு சின்னக் குதிரையேற்றப் பள்ளியில் இரண்டு வருடங்களாக வார இறுதிக் காலைகளில் சவாரி கற்றுக்கொண்டிருந்தேன். மொத்தம் ஆறு குதிரைகள். லாயத்தின் கோடியில் சேணங்கள் வைக்கும் அறை. மழைக்காலம் முடிந்த கையோடு அந்த அறைக்குள் போனால், தோலில் பூத்த பச்சைப் பூஞ்சையின் வாடை மூக்கில் ஏறும். ஒரே ஆணியில் மூன்று கடிவாளங்கள், ஜோடி தொலைந்த அங்கவடிகள், இற்றுப்போன வார்கள், காலாவதியான களிம்பு டப்பாக்கள், யாருடையது என்றே தெரியாத ஒற்றை பூட்ஸ். எல்லாவற்றிலும் அங்கங்கே அழுக்குத் துணிக்கிழிசல்கள் முடிச்சுப் போட்டுத் தொங்கும். சிவப்பு, மஞ்சள், ஒரு பழைய லுங்கியின் கட்டம்.

அறை சயிஸின் பொறுப்பில் இருந்தது. குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, சேணம் பூட்டித் தருபவர் அவர்தான். பீகார்க்காரர், நாற்பது வயது இருக்கும். நான் அவரை ‘பையா’ என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை ‘தீதி’, அதாவது அக்கா, என்பார். இந்த ஊரில் வயதுக்கும் தீதிக்கும் சம்பந்தமில்லை.

நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு சிவலைப் பெண்குதிரையின் மேல். வயதானவள், பொறுமைசாலி. கடிவாளத்தைத் தவறாக இழுத்தால்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கோபப்படுவாள். அவளைப் பற்றிப் பள்ளி மேலாளர் புரட்டாசி வாக்கிலேயே சொல்லிவிட்டார். குளிர்கால வகுப்புகளில் பிள்ளைகளைச் சுமக்க முடிந்தால் இருக்கலாம். முடியாவிட்டால் வாங்க ஆள் பார்க்க வேண்டியதுதான். அப்போது நானும் சயிஸும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். சயிஸ் அவள் பிடரி முடியிலிருந்து வைக்கோல் பொறுக்கினார்.

காளி பூஜை முடிந்ததும், பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்காக சயிஸ் ஊருக்குப் போனார். பத்து நாள். கிடர்பூரிலிருந்து ஒருவர் மாற்று ஆளாக வந்துபோனார். சயிஸ் திரும்புவதற்குள் அந்த அறையை அடுக்கிவிட்டால் எப்படி மலைத்துப் போவார் என்று எனக்குத் தோன்றியது. மேலாளரிடம் கேட்டேன். யாராவது செய்தால் சரி என்றார். ஆபீஸில் இரண்டு நாள் லீவு போட்டேன்.

குதிரைச் சாமான்களை அடுக்குவது பற்றி இருபது வீடியோவாவது பார்த்திருப்பேன். அதில் சொன்னபடி எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கினேன். வேண்டும், வேண்டாம், பழுது பார்க்கலாம் என்று மூன்று குவியல். கடிவாளங்கள் ஒரு வரிசை, சேணங்கள் அளவுப்படி ஒரு வரிசை, தேய்க்கும் பிரஷ்கள் ஒரு கூடை. எல்லாவற்றின் மேலும் ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு. கிழிசல் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கத்திரித்துப் போட்டேன். அந்த அறை வெளுக்க வெளுக்க எனக்குள் ஒரு மமதை ஏறியது, பொய் சொல்வானேன்.

பழுதுக் குவியலில் ஒரு நம்தா இருந்தது. சேணத்துக்கு அடியில் முதுகில் போடுகிற தடித்த கம்பளிப் பட்டை. முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதில் கட்டியிருந்த சிவப்புத் துணியை வெட்டிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கோணி ஊசி கேட்டேன்.

“உன் சுடிதார்ல பட்டன் போயி ஆறு மாசம் ஆச்சு. குதிரைக்குத் தைக்க வந்துட்டா” என்றபடி ஊசியைத் தேடி எடுத்தாள். நம்தாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது எப்படிடி ஓட்டையாச்சு?”

“எலி. இல்லன்னா பூச்சி. அங்க எல்லாம் அப்படித்தாம்மா கெடக்கு.”

“எந்த எலி இவ்ளோ வட்டமா கடிக்குது? கத்திரியால வெட்டின மாதிரின்னா இருக்கு.”

“அம்மா, நீ குதிரையப் பாத்திருக்கியா?”

“பாத்ததில்லதான். ஓட்டையப் பாத்திருக்கேன்.”

நான் சிரித்தேன். வேறொரு பழைய நம்தாவிலிருந்து வட்டம் வெட்டி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பக்கமும் வைத்து, மெழுகு நூலால் இறுக்கித் தைத்தேன். ஊசி விரலில் இரண்டு இடத்தில் குத்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை.

ஞாயிறு காலை, குளிர்கால வகுப்புகள் தொடங்குமுன் சிவலையைப் பழக்கப்படுத்த ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னார் மேலாளர். சேணம் பூட்ட வந்த மாற்று ஆள் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“சிவப்புத் துணி கட்டின நம்தா எங்க தீதி? இவளுக்கு அதைத்தான் போடணும்னு சொல்லிட்டுப் போனாரு.”

“அதுதான் இது. சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்.”

அவருக்கு அதற்கு மேல் தெரியாது. போட்டார். நான் ஏறினேன்.

பத்து நிமிடத்திலேயே அவள் காதைப் பின்னால் மடித்தாள். வாலை விசிறினாள். துள்ளோட்டத்துக்குத் தூண்டியபோது முதுகைக் கீழே அழுத்தி, நின்றேவிட்டாள். மழைக்காக வகுப்புகளை நிறுத்தி இரண்டு மாதம் வேலையில்லாமல் நின்றதில் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த முரண்டை மேலாளர் பார்த்தால் அவளை அனுப்பிவிடுவார் என்ற பயம் வேறு. அவளைக் காப்பாற்றத்தான், கையிலிருந்த சாட்டையால் பின்னால் தட்டினேன். அடங்கவில்லை, இன்னும் பலமாகத் தட்டினேன். ஓடினாள். முழுதாக ஒரு மணி நேரம் ஓடினாள்.

இறங்கிச் சேணத்தைக் கழற்றினால், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் தோல் வட்டமாக வழன்று ரத்தம் கசிந்தது. நான் இறுக்கிப் போட்ட தையல்களின் தடம் ஒவ்வொன்றாக எண்ணும்படி பதிந்திருந்தது. அதே இடத்தில் பழைய புண் ஆறி முளைத்த வெள்ளை முடி ஒரு நாணய அளவுக்கு இருக்கும். இரண்டு வருடமாக அதை அழகுக்கு வந்த புள்ளி என்று நினைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து சயிஸ் வந்தார். எனக்குத் தேகுவா பலகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலில் அவள் முதுகைப் பார்த்தார். பிறகு நம்தாவைக் கேட்டார். கொடுத்தேன்.

“நான்தான் தைச்சேன் பையா. கிழிஞ்சிருக்குன்னு நெனச்சுட்டேன்.”

அவர் தரையில் உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

“அந்த எடத்துல எதுவும் படக்கூடாது தீதி. அதுக்குத்தான் வெட்டினேன். மூணு நம்தா வீணாக்கி, நாலாவதுல சரியா வந்துச்சு.” அடுத்த தையலை இழுத்துப் பார்த்து, “தையல் நல்லா போட்டிருக்கீங்க. பிரிக்க வரமாட்டேங்குது” என்றார்.

திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

“நல்லாத்தான நடந்தா? காதை கீதை மடிக்கலயா? இவ சொல்லிடுவாளே” என்று கேட்டார்.

“கொஞ்சம்” என்றேன்.

சாட்டையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

புண் ஆறப் பல வாரம் ஆகும் என்றார் மருத்துவர். வகுப்புகள் அவள் இல்லாமலே தொடங்கின. மார்கழி பாதியில் அவளை விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு எதிரே சவாரிக்கு நிற்கும் குதிரை வண்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். “வண்டியில பாரம் நெஞ்சுப் பட்டையில விழும். அந்த எடத்துல எதுவும் படாது” என்றார் சயிஸ். எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அறையில் என் சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்கள், எவ்வளவு ஒழுங்கு என்கிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத சயிஸ் மட்டும் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டிருந்தார். ஒரு நாள் போனபோது புதிய கிழிசல்கள் தொங்கின. சிவப்பு மட்டும் இல்லை.

போன மாதம் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அவளைப் பார்க்கப் போனேன். ஜரிகைத் தகடு ஒட்டிய வண்டி, தலையில் சாயம் போட்ட இறகு. என்னைத் தெரிந்ததற்கான அடையாளம் எதுவும் காட்டவில்லை. முதுகு மேட்டைத் தேடினேன். வெள்ளை முடி இப்போது என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. தொடலாமா என்று கையை நீட்டியதும் காதைப் பின்னால் மடித்தாள்.

“ஒரு சுத்து போலாமா தீதி? சாது, அடிக்கவே வேணாம்” என்றார் வண்டிக்காரர்.

கையை எடுத்துக்கொண்டேன். தெரியும் என்று சொன்னேன்.