ஹேண்ட் பிரேக் போடாத ஜுஸாரா

பிரேசிலின் தலைநகர் பிரசீலியாவில் கார் நிறுத்துவதற்கென்று ஒரு நாகரிகம் உண்டு. இடம் கிடைக்காதவன் அடுத்தவன் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டுப் போகலாம்; யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் சக்கரத்தை நேராக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவன் வந்து அதை ஒரு தள்ளுத் தள்ளி ஓரங்கட்டிவிட்டுத் தன் வழியே போவான். முன்பின் தெரியாதவன் காரில் கை வைக்க இங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. சட்டத்தில் இதற்கு இடமில்லைதான். சட்டப்படிதான் நிறுத்துவேன் என்று கிளம்பினால் இந்த ஊரில் பாதிப் பேர் வேலைக்கே போக முடியாது.

தெற்கு வணிகப் பகுதியில் சாவி வெட்டிக் கொடுக்கும் ஜுஸாராவால் மட்டும் யார் காரையும் தள்ள முடியாது. வடகிழக்கே பியாவி மாநிலத்தின் வறண்ட காட்டில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு இளம்பிள்ளை வாதம் வந்து, இரண்டு காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலிதான் கால். அதனால் அவள் வாயால் தள்ளுவாள். பின்னால் ஒரு கார் குறுக்கே நின்றால் நடைபாதை நடுவில் நாற்காலியை நிறுத்தி, "யாராவது ரெண்டு கை குடுங்கப்பா, சும்மா போற கைதானே!" என்று ஒரு குரல் விடுவாள். கோட்டுப் போட்டவன், மூட்டை தூக்குகிறவன், யாராக இருந்தாலும் வந்து தள்ளிவிட்டுப் போவான்.

அவளுடைய கார் பழைய, சின்ன, வெள்ளைக் கார். பெயர் வெள்ளச்சி. தங்கை புருஷன் லேத் பட்டறைக்காரர். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் க்ளட்சும் கையாலேயே இயங்கும்படி நெம்புகோல் வைத்துக் கொடுத்திருந்தார். முதன்முதலாக லைசென்ஸ் கேட்டுப் போனபோது அங்கிருந்த அதிகாரி, "வழியில எங்கயாவது மாட்டிக்கிட்டா யாரும்மா உன்னைத் தள்ளுவா?" என்று கேட்டார்.

"சார், இந்த ஊர்ல கால் இருக்கறவனும் தள்ளித்தான் வெளிய போறான். எனக்கு மட்டும் என்ன தனிக் கேள்வி?" என்றாள் ஜுஸாரா. அந்த வாய்க்காகவே அவளை ஒருமுறை ஃபெயில் ஆக்கினார்கள். அடுத்த முறையும் அதே வாயோடுதான் போனாள்; லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கார் வருவதற்கு முந்திய வருடங்களை அவள் மறக்கவில்லை. பஸ்ஸில் நாற்காலி ஏற்றும் மேடை பாதி நாள் வேலை செய்யாது. கண்டக்டர் ஒரு பக்கம், யாரோ ஒரு புண்ணியவான் மறுபக்கம் என்று கேட்காமல் கொள்ளாமல் அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கி உள்ளே போடுவார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். அந்த நல்லவர்களை நினைத்தாலே அவளுக்கு இன்றைக்கும் உடம்பு எரியும். வெள்ளச்சி வந்தபிறகு ஒருவன் கையும் அவள்மேல் பட்டதில்லை. காரைத் தள்ளச் சொல்வாள், தன்னைத் தூக்கச் சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன முறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது ஒரு வில்லங்கம் வந்தது. அவளைப் போன்றவர்கள் சொந்தக் காரோடு லைசென்ஸ் அலுவலக மைதானத்துக்குப் போய், பரிசோதனைக் குழுவின் முன்னால் ஓட்டிக் காட்டினால்தான் கையெழுத்து விழும். குழுவின் தலைவர் டாக்டர் ஒட்டஸிலியோ வெள்ளச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தார்; அம்மா என்பதற்கு அந்த ஊர் மரியாதைச் சொல்லான 'டோனா' போட்டுப் பேசினார்.

"டோனா ஜுஸாரா, இப்பல்லாம் காரு தானே இடம் பார்க்குது, தானே நிறுத்துது. நான் கூட வாங்கிட்டேன். நீங்க ஏன் இந்தத் தகரடப்பாவோட மல்லுக்கட்டுறீங்க? வயசும் ஏறுது, தோளும் தேயுது. இந்தத் தடவை போடறேன். அடுத்த தடவை ஒரு தப்பு கண்ணுல பட்டாலும் போட மாட்டேன்."

அந்த அடுத்த தடவைதான் இப்போது வந்திருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் மைதானத்தில் இருக்க வேண்டும். விட்டால் குழு மறுபடி கூடப் பல மாதம் ஆகும். அதுவரை லைசென்ஸ் கிடையாது, மறுபடியும் பஸ், மறுபடியும் அக்குளில் கை.

ஜுஸாரா பத்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தாள். வெள்ளச்சிக்குப் பின்னால், கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கறுப்புக் கார் குறுக்கே நின்றது.

"ஜெனி!" என்று கூப்பிட்டாள். எதிரே இளநீர் விற்கிற ஜெனிவால்டோ கத்தியை வைத்துவிட்டு வந்தான். வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் முக்கினார்கள். கார் இம்மி அசையவில்லை. அசையாதது மட்டுமில்லை, விளக்கெல்லாம் எரிய ஊரையே கூட்டுகிற மாதிரி அலறியது.

"பிரேக்கைப் போட்டுட்டுப் போயிருக்கான், டோனா!" என்றான் ஜெனிவால்டோ. அவன் முகத்தில் இருந்தது கோபமில்லை, அதிர்ச்சி. சாப்பாட்டுப் பந்தியில் இலையைப் பிடுங்கியவனைப் பார்த்ததுபோல் நின்றான்.

அலறல் கேட்டு ஓர் இளைஞன் ஓடிவந்தான். தேய்த்த சட்டை, ஒரு கையில் காபி, மறு கையில் போன். பெயர் தாலிஸ் என்று பிறகு தெரிந்தது.

"யாரு என் காரைத் தொட்டது?"

"நாங்க எல்லாரும்தான் தொட்டோம். இந்த ஊருக்குப் புதுசா நீ?" என்றாள் ஜுஸாரா.

"இங்கதாங்க பொறந்தேன்."

"பொறந்துமா பிரேக் போட்டுட்டுப் போன?"

"நான் போடல, டோனா. நிறுத்தினதும் அதுவே பூட்டிக்கும். இடம் பார்த்ததும் அதுதான், நிறுத்தினதும் அதுதான். நான் ஒண்ணுமே பண்ணல."

"அது சரி. நீ அப்ப எங்கடா இருந்த?"

"உள்ளதான் இருந்தேன். மெசேஜ் பார்த்துக்கிட்டு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இவன் கூடத்தையே ஆடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவன்.

"எல்லாரும் பாருங்க, நான் ஏறாமலே அதுவே நகர்ந்துக்கும்" என்று தாலிஸ் போனில் எதையோ அழுத்தினான். கார் ஒரு முழம் நகர்ந்தது, நின்றது, கீச்சிட்டது. அவன் போனைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி ஜுஸாராவைப் பார்த்தான்.

"ஏதோ தடை இருக்குன்னு சொல்லுது."

"என்ன தடை?"

"நீங்கதான், டோனா. உங்க நாற்காலி. கொஞ்சம் தள்ளிப் போனீங்கன்னா..."

ஜுஸாராவுக்குக் காது சுட்டது. "நான் தடையா? என் காருக்குப் பின்னால மலை மாதிரி வந்து நிக்கிறது அது. நான் தடையா? அந்தப் போனைக் குடு, அது என்ன சொல்லுதுன்னு நானே கேக்கறேன்!"

ஜெனிவால்டோ இடையில் புகுந்து, "நேரம் போகுது, டோனா ஜூ" என்றான் மெதுவாக. அவளுக்கும் அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் உருட்டினாள். அடுத்து அந்தக் கார் இளநீர் வண்டியைத் தடை என்றது. ஜெனிவால்டோ வண்டியை நகர்த்தினான். அதற்கடுத்து மாமரத்தின் தாழ்ந்த கிளையைத் தடை என்றது.

"மாமரத்தை எங்க தள்ளுறது, தம்பி?" என்று ஜெனிவால்டோ கேட்டான்.

"போனைப் பையில போடு. உள்ள ஏறி உக்காரு. கையால ஓட்டு" என்றாள் ஜுஸாரா.

தாலிஸ் ஏறினான். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கார் நாலா பக்கமும் கீச்சிட்டது. சூடு பட்டவன்போல் கையை எடுத்துவிட்டான். அவன் நெற்றியில் வேர்வை. அந்தக் காரை இத்தனை நெருக்கத்தில் அவன் ஒரு தடவைகூடத் தன் கையால் திருப்பியதில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. ஜுஸாராவுக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. தாலிஸ் கார்க் கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருந்தான். மறுமுனையில் பாட்டு ஓடியது.

ஜுஸாரா வெள்ளச்சியின் மூக்குக்கு முன்னால் பார்த்தாள். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல் விளிம்பு. அதைத் தாண்டினால் புல்வெளி, மாமரங்கள், அந்தப் பக்கம் சாலை.

"ஜெனி, உன் வண்டியில இருக்கற ரெண்டு பலகையையும் உருவு."

"டோனா, அடியில புகைக்குழாய் இடிக்கும்."

"இடிக்கட்டும். குழாய் போனா வேற குழாய் இருக்கு."

கதவைத் திறந்து, கை ஊன்றிச் சீட்டுக்கு மாறினாள். நாற்காலியை மடித்து, மார்போடு அணைத்துத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் போட்டாள். யாரும் கிட்டே வரவில்லை. வந்தால் என்ன கிடைக்கும் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். பலகைகள் விளிம்பில் சாய்ந்தன. வெள்ளச்சிக்கும் கறுப்புக் காருக்கும் நடுவில் கிடைத்த சந்தில் ஆட்கள் நுழைந்து பின்பக்கத்தில் கை வைத்தார்கள்.

"புல்லு மேல ஏத்தினா ஃபைன் போடுவாங்க, டோனா!" என்று தாலிஸ் கத்தினான்.

"போடட்டும்! உன் காருகிட்டச் சொல்லு, அதுவே எழுதி அதுவே அனுப்பிடும்!"

வெள்ளச்சி உறுமி ஏறியது. அடியில் டமார் என்று ஒரு சத்தம். புகைக்குழாய் பாதி கழன்று தொங்க, செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, மாமரங்களுக்கு நடுவே புகுந்து, அந்தப் பக்கச் சாலையில் இறங்கியது. பின்னால் கைதட்டல் கேட்டது.

கைதட்டல் கேட்கிற தூரம் தாண்டியதும் ஜுஸாராவைப் பயம் பிடித்துக்கொண்டது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பஸ் நிறுத்தங்கள் கண்ணில் பட்டன. பார்க்காமல் ஓட்டினாள்.

மைதானத்துக்குள் நுழையும்போது குழுவில் மற்றவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். ஒட்டஸிலியோ மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பம்பரில் புல், கதவில் செம்மண், அடியில் ரயில் வண்டிச் சத்தம்.

"என்னம்மா இது கோலம்?"

"பன்னிரண்டு ஆகலை, டாக்டர்."

அவருக்கு மறுத்துச் சொல்ல வழியில்லை. கம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்; நிறுத்தினாள். திருப்பச் சொன்னார், திருப்பினாள். முகத்தில் ஒரு பாராட்டும் இல்லாமல் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். "சரி, எங்கயாவது போட்டுட்டு இறங்கி வாங்க. மீதியைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இடம் எங்கே இருக்கிறது? ஒரு வரிசை நிறையக் கார்கள். ஜுஸாரா வரிசைக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினாள். அலுப்பு, பசி. கை தன் பழக்கப்படி வேலை செய்தது. சக்கரம் நேரே, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் கீழே. நாற்காலிக்கு மாறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தான் இன்னும் பரீட்சையில் இருக்கிறோம் என்று.

அதற்குள் ஒட்டஸிலியோ ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"டோனா ஜுஸாரா! ஹேண்ட் பிரேக் போடல!"

ஜுஸாரா நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"இது சின்னத் தப்பு இல்ல. காரை நிறுத்திட்டு இறங்கினா பிரேக் போடணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதுக்குத்தான் புதுக் காரு வாங்குங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். அதுல இந்தப் பேச்சே வராது. இறங்கினதும் தானே பூட்டிக்கும். போன தடவை என்ன சொன்னேன்? ஒரு தப்புகூட..."

பேசிக்கொண்டே அவர் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெள்ளச்சி அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய காரைத்தான். பளபளவென்ற புதுக் கார். அவருக்குப் பசி நேரம். ஒரு கையைக் கதவுச் சட்டத்தில் கொடுத்து, தோளைச் சாய்த்து, "...பிரேக் போடாம நிறுத்தினா நடுரோட்டுல உருண்டு போய் யார் மேலயாவது ஏறாதா, யோசிக்க வேணாமா" என்று திட்டிக்கொண்டே வெள்ளச்சியைத் தள்ளினார். தேர்ந்த தள்ளல். வெள்ளச்சி சமத்தாக உருண்டு அவர் காருக்கு வழிவிட்டது.

ஜுஸாரா அவர் முழுதும் திட்டி முடிக்கும்வரை விட்டாள்.

"டாக்டர்."

"என்ன?"

"உங்க கை எங்க இருக்குன்னு பாருங்க."

ஒட்டஸிலியோ பார்த்தார். கை இன்னும் வெள்ளச்சியின் கதவுச் சட்டத்தில் இருந்தது. எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பிரேக் போட மறந்தது நிஜம். எழுதணும்னா எழுதுங்க" என்றாள் ஜுஸாரா. "கூடவே இதையும் எழுதுங்க: அவ போட்டிருந்தா நான் இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்க முடியாதுன்னு. காலைல ஒரு காரு என்னைத் தடைன்னு சொல்லிச்சு. அது தானே நின்னு தானே பூட்டிக்கிட்ட காரு. அதை வாங்கத்தானே சொல்றீங்க? நான் வாங்க மாட்டேன். எனக்கு உள்பக்கம் மாட்டிக்கிட்டவனும் வெளிய போகணும்."

அவர் தாளைக் கக்கத்திலிருந்து எடுத்தார். பிறகு, "முதல்ல பிரேக்கைப் போடுங்கம்மா" என்றார்.

"முதல்ல உங்க காரை எடுங்க, டாக்டர். அப்புறம் போடறேன்."

எடுத்தார். ஜுஸாரா ஜன்னல் வழியே கை நீட்டி, கர்ரக்கென்று சத்தம் கேட்க ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஒட்டஸிலியோ தன் காரின் ஜன்னலைத் திறந்து, தொடைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"அந்தப் புகைக்குழாயை மட்டும் கட்டிடுங்க" என்றார்.

"கட்டறேன்" என்று வாங்கிக்கொண்டாள் ஜுஸாரா. "அடுத்த தடவையும் இதுலதான் வருவேன்."