மருமகன் ராவிய தகடு

என் சின்ன மருமகன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, டீயை ஆறவிட்டுவிட்டு, கடகடத்த மின்விசிறியைக் கழற்றிப் பழுது பார்த்தார். "பொண்ணப் பார்த்தாரா, ஃபேனப் பார்த்தாரா?" என்று என் வீட்டுக்காரர் காதோடு கேட்டார். எங்கேயாவது சத்தம் பிசகினால் மருமகனுக்கு இருப்புக் கொள்ளாது. இதை எழுதிக்கொள்கிற பேத்தி, "அப்பாவ ரொம்பப் புகழாதீங்க பாட்டி" என்கிறாள். புகழத்தான் போகிறேன். நீ எழுது.

அவர் பள்ளிக்கூடப் பட்டறையில் ஃபிட்டர். பூட்டு, பெஞ்சு, குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. போன வருஷம் அந்தப் பள்ளிக்கு ஒரு தீவு நாட்டிலிருந்து இசை டீச்சர் வந்தார். தன் ஊர்க் குழுவிடம் இரவல் வாங்கிய இரண்டு வாத்தியங்களையும் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் பத்து வெண்கலத் தகடுகள். மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். பன்னிரண்டு பெண் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

டீச்சர் வெளியூர் போயிருந்த ஒரு நாள், அவர்களில் நெட்டையான பெண் பட்டறைக்கு ஓடிவந்தாள். சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணே, ரெண்டு வாத்தியமும் ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல. டீச்சர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்களேன்!"

மருமகன் போய் இரண்டிலும் ஒரே இடத்துத் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "ஆமா, ஒண்ணு சுருதி இறங்கித்தான் இருக்கு." அதன் முனையை அரத்தால் ராவி ஏற்றினார். இரண்டும் ஒரே குரலாயின. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்; இல்லை என்று சொல்லமாட்டேன். மீதியை நாளை பார்க்கலாம் என்று வைத்தார்.

மறுநாள் டீச்சர் வந்து தட்டியதும் முகம் வெளுத்துவிட்டது. "யார் இதத் தொட்டது?"

"நாங்கதான் டீச்சர் கேட்டோம்..." என்று நெட்டைப் பெண் தொடங்கினாள்.

"கை என்னோடதும்மா," என்றார் மருமகன். "கெடுத்துட்டேனா?"

டீச்சர் பக்கத்துத் தகட்டை இரண்டிலும் சேர்த்துத் தட்டினார். சத்தம் தண்ணீர்மேல் விழுந்த வெயில் போல நடுங்கியது. ராவிய தகடோ டங்கென்று நின்றது.

"எங்க ஊர்ல வேணும்னேதான் ஒண்ண ஏத்தி, ஒண்ண இறக்கிச் செய்வாங்க. சேர்த்துத் தட்டினா அலை வரும். அலை இல்லேன்னா செத்த சத்தம். இத எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?"

மருமகனோ, சத்தம் நடுங்கினால் பழுது என்றே இருபது வருஷமாகத் தெரிந்துவைத்திருந்தவர். "அந்த அலைய இன்னொரு தடவ கேக்க விடுங்க" என்றார். பத்துப் பதினைந்து முறை தட்டச் சொல்லி, கண்மூடி, விரலால் மேசையில் அலையை எண்ணினார்.

"அடிப்பக்கம் நடுவுல சுரண்டினா இறங்கும். நீங்க சரின்னாத்தான் தொடுவேன்."

டீச்சர் வாத்தியத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "பண்ணுங்க. பிள்ளைங்களா, வந்து உக்காருங்க. இன்னிக்குப் பாடம் இதுதான்."

சுரண்டுவார், தட்டுவார், மறுபடி சுரண்டுவார். மதிய மணி அடித்தும் ஒருத்தியும் எழவில்லை. கடைசியில் "வந்துடுச்சு!" என்று கத்தியது நெட்டைப் பெண்தான்.

டீச்சர் காது கொடுத்துக் கேட்டார். "மத்ததவிடத் துளி வேகமா அலையுது." மருமகன் மறுபடி சுரண்டியை எடுக்க, தடுத்தார். "இருக்கட்டும். ஊர்ல கேட்டா உங்களப் பத்திச் சொல்லுவேன்."

டீச்சர் நினைத்திருந்தால் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு வேலையைப் பறித்திருக்கலாம். கெடுத்த கையிலேயே நம்பிக் கொடுத்தார் அந்த மகராசி. என் வீட்டுச் சோற்றில் அவருக்கு என்றைக்கும் பங்கு உண்டு.

அன்று சாயங்காலம் மருமகன் சொன்னார்: "அத்தை, நாளையிலேர்ந்து நானும் அந்த வகுப்புல உக்காரப் போறேன்."

"கடைசி பெஞ்சுல உக்காருங்க மாப்பிள்ள, பிள்ளைங்களுக்கு மறைக்கும்" என்றேன்.