ஒருத்தர் கிளற, ஒருத்தர் விசிற

சோறு குழைந்துவிட்டால் அம்மா அதைச் சோறு என்றே சொல்லமாட்டாள். பசை என்பாள். நானும் அவளும் விஸ்வநத்தத்தில் ஒரு வெடி கம்பெனியில் காகிதத்தில் பசை தடவிக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தோம். நாள் முழுக்கப் பசையில் கிடந்த கை, வீட்டுக்கு வந்தும் பசையைப் பிசைய வேண்டுமா என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். அவள் வடித்த சோறு தட்டில் பருக்கை பருக்கையாக நிற்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்படிப்பட்டவளின் அடுப்படியில்தான், ஒட்டுகிற சோறு ஆக்கப்போகிறேன் என்று அண்ணன் வந்து நின்றான்.

இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு செல்போன் வந்த வருஷம். அப்பா போன பிறகு அம்மா குழாய் சுருட்டித்தான் அண்ணனை டிப்ளமா வரைக்கும் படிக்கவைத்தாள். அவன் சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தான். அவர்கள் அவனை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்து முதல் லீவில் வந்திருந்தான். தீபாவளி முடிந்து எங்கள் கம்பெனி பூட்டியிருந்த நேரம் அது.

அவன் வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரத்துக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். பெண் வேறு யாருமில்லை, கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் சுருட்டுகிறவள், என் சிநேகிதி. பேச்சை ஆரம்பித்து வைத்ததே நான்தான். அப்போதே அவளை "அண்ணி" என்று கூப்பிட்டுக் கேலி செய்ய ஆரம்பித்திருந்தேன். போனில் அண்ணனிடம் சொன்னபோது அவன் "ம்" என்றான். அம்மா அந்த "ம்"மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் அவன் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் அரிசியையும் ஒரு வினிகர் பாட்டிலையும் வெளியே வைத்தான்.

"இங்கன அரிசிக்குப் பஞ்சமாலே? அங்கயிருந்து சுமந்துட்டு வந்திருக்க" என்றாள் அம்மா. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். குட்டையும் குண்டுமாக இருந்தது. "ரேஷன் அரிசி மாரில்ல இருக்கு."

"இது சுஷிக்குப் போடுற அரிசிம்மா. மீன் வச்சுத் திம்பாக. இன்னைக்கு மீனு வேண்டாம், சோறு மட்டும் ஆக்கித் தாரேன்."

"பொண்ணு பாக்கப் போறவன் எதுக்குலே அடுப்புல நிக்க?"

அவன் பாட்டுக்கு அரிசியை டம்ளரில் அளந்தான். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கேட்டால்கூட உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னவன் இவன். முதலில் பவுசு காட்டுகிறான் என்று நினைத்தேன். பிறகு நம் சாப்பாடு இறங்கவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். கடைசியில் எனக்கே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். கல்யாணமாகி அவள் ஜப்பானுக்குப் போனால் இந்தச் சோற்றைத்தானே ஆக்கவேண்டியிருக்கும்! அதற்குத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறான். இந்த எண்ணம் வந்ததும் ஏக சந்தோஷம். ஒரு வெடி லேபிளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன், மறுநாள் அவளிடம் கொடுப்பதற்காக.

அவன் அரிசியை ஐந்து தடவை கழுவினான். தெருக்குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது. "குடத்தைக் கவுத்திட்டுத்தான் ஓய்வான் போல" என்று அம்மா முனகினாள். களைந்த தண்ணீர் தெளியும்வரை கழுவணும் என்று எழுதினேன். அரை மணி நேரம் ஊறணும். அரிசி எத்தனை டம்ளரோ தண்ணீரும் அத்தனை டம்ளர். மூடியைத் திறக்கவே கூடாது.

அம்மாவின் கை தானாக மூடிக்குப் போனது. அண்ணன் பிடித்து நிறுத்தினான்.

"திறக்காம வெந்துச்சா வேகலையான்னு எப்படிலே தெரியும்?"

"வெந்துரும்மா."

"கஞ்சி எப்ப வடிக்க?"

"வடிக்கக் கூடாது."

அம்மா என்னைப் பார்த்தாள். இவன் நம் பிள்ளைதானா என்பது மாதிரியான பார்வை. நான் தாளில் வடிக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

வினிகரில் சீனியும் உப்பும் போட்டு லேசாகச் சுடவைத்துக் கரைத்தான். அகலமான தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டினான். வினிகரைக் கரண்டி மேல் விட்டு, கரண்டியிலிருந்து சோற்றில் வழியவிட்டான். பிறகு மரக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்துச் சோற்றைக் கீறினான், புரட்டினான். ஒரு பருக்கை நசுங்கவில்லை. பழகிய கை அது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குழப்பம்தான் கூடியது.

"யாராச்சும் விசிறுங்க. சீக்கிரம். சூடா இருக்கும்போதே விசிறணும்."

"மேல ஃபேன் ஓடுதே" என்றேன்.

"அது பத்தாது. ஒருத்தர் கிளற ஒருத்தர் விசிறணும். அப்பத்தான் மினுமினுன்னு வரும்."

நான் எழுதிக்கொண்டிருந்ததால் அம்மா எழுந்து, பரணிலிருந்த ஒரு வெடிப்பெட்டி அட்டையை எடுத்து விசிறினாள்.

"இந்தப் பக்கம் வாம்மா, இடது பக்கம். காத்து சோத்துல படணும், என் மூஞ்சில படக் கூடாது." சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

அம்மா விசிறியபடியே கேட்டாள். உள்நோக்கம் எதுவும் இல்லை. வேலை செய்கிறவள் வேலையைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"ரெண்டாளு வேணும்ங்குற. அங்கன ஒத்தையில கிடக்க, உனக்கு யாருலே விசிறுறது?"

"நாந்தான் விசிறுவேன். அவதான் கிளறுவா. அவளுக்குத்தான் பக்குவம்…"

அண்ணனின் கரண்டி நின்றது.

அம்மாவின் அட்டை நிற்கவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. என் பேனா பக்குவத்துக்குக் காத்திருந்தது. "அவ" எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்தப் புள்ள நம்மூரா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. அந்த ஊருதான்."

"அவுக வீட்டுல தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நம்ம வீட்டுலதான் தெரியாது."

அண்ணன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போன்ல ம்னு சொன்னியே! நாளைக்கு அங்க போய் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்று கத்தினேன்.

"போன்ல சொல்ல வாய் வரல. நேர்ல சொல்லலாம்னு வந்தேன். நாலு நாளா அதுக்குத்தான் பாக்கேன், முடியல."

"அதுக்குச் சோத்த ஆக்கியா சொல்லுவ?"

"தெரியல" என்றான். உண்மையாகவே தெரியவில்லை என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது.

சோறு எப்போதோ ஆறிவிட்டது. அம்மா அட்டையைக் கீழே வைத்தாள். அண்ணன் கையை ஈரமாக்கிச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து வைத்தான். எங்கள் வீட்டில் புளிக்கிற சோறு என்றால் நேற்றைய சோறு. இதுவோ புளித்தது, இனித்தது, கடைசியில் உப்புக் கரித்தது. கெட்டுப்போனதா, சாமிக்குப் படைக்கிறதா என்று நாக்குக்கே பிடிபடவில்லை. இன்னொன்று தின்றால் தெரிந்துவிடும் என்று எடுத்தேன். தெரியவில்லை. கோபமும் அழுகையுமாக ஆறு உருண்டை தின்றுவிட்டேன். இவனைத் திட்டிக்கொண்டே இவன் ஆக்கியதைத் தின்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மா ஒரே ஒரு உருண்டையைப் பிட்டு, விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். "ஒட்டுது. ஆனா குழையல" என்றாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தனியாக நாரணாபுரம் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "வாக்குக் குடுத்தது நான்ல" என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் திரும்பி வந்தவள் கையில் ஒரு பனையோலை விசிறி. அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "கேக்குறதக் கேட்டாக" என்றாள். விசிறியை அண்ணனின் பெட்டிக்குள் சட்டைகளுக்கு மேல் வைத்தாள். "அட்டைய வச்சு விசிறுனா கை கடுக்குது. அதுக்குத்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் அழுதான். எனக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அண்ணன் ஜப்பானுக்குத் திரும்பிப் போய்ச் சில நாட்களில் கம்பெனி திறந்தது. அந்த லேபிள் தாள் என் சாப்பாட்டுக் கூடையில் மடித்தபடியே கிடந்தது. கிழித்துப்போடவும் மனசில்லை, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. சிநேகிதி வேறு இடத்தில் போய் உட்கார்வாள் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். அவள் வழக்கமான இடத்தில், என் பக்கத்தில்தான் இருந்தாள். அவர்கள் வீட்டில் அம்மா எதையும் மறைத்திருக்கவில்லை; சோறு ஆக்கியது, விசிறியது எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

மத்தியானம்வரை இருவரும் பேசாமல் சுருட்டினோம். பசைச் சட்டியை என் பக்கம் நகர்த்தும்போது அவள் கேட்டாள்.

"ஏ புள்ள, அந்தச் சோறு நல்லாவா இருந்துச்சு?"

"வாயில வைக்க முடியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆறு உருண்டை தின்ற நான், குனிந்து அடுத்த தாளில் பசை தடவினேன்.