அமெரிக்காவை இரண்டு விதமாக எழுதிய அப்பா

இன்று லண்டன் ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் விவாதப் போட்டி. அமெரிக்கா வளர்கிறதா, வீழ்கிறதா?

நான் 'வீழ்கிறது' பக்கம். எல்லார் வீட்டிலும் போல, பேச்சை எழுதியவர் அப்பா, மனப்பாடம் செய்தது நான். போர்களில் கொட்டிய செல்வம், ஜப்பான் கார்களிடம் தோற்ற தொழிற்சாலைகள் என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கோப்பை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

பிறகு என் தோழி சுகந்தி எழுந்தாள். "ஊரை விட்டு ஓடி வந்தவனுக்கும் வேலை கொடுத்த நாடு அது. வந்தவனின் உழைப்புத்தான் அதன் பலம்!"

மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் அப்பா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். கோப்பை அவளுக்குப் போனது.

வெளியே வந்ததும் கேட்டேன். "உனக்கு ஆரடி எழுதித் தந்தது?"

"உன்ர அப்பாதான். எங்கட அப்பாவுக்குக் கிழமை முழுக்க ஷிப்ட். அதால அவரைக் கேட்டனாங்கள்."

பஸ்ஸில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அவளுக்கு மட்டும் ஏனப்பா வடிவா எழுதிக் குடுத்தனீங்கள்?"

"நான் என்ன பிள்ளை செய்யிறது? உன்ர பேச்சை நியூஸ் பேப்பரைப் பாத்து எழுதினன். அவளின்ரய எழுதேக்க நாங்கள் ஊரை விட்டு ஓடி வந்த கதை ஞாபகம் வந்திட்டுது."

"அப்ப அமெரிக்கா விழாதோ?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்?"

எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். உங்கள் பதிலை எழுதுங்கள். ஆனால் உங்கள் அப்பாவைக் கேட்காதீர்கள். என் அப்பாவையும் கேட்காதீர்கள்.