அட்டை கேட்காத காவலாளி

ஊரில் போர் முடிந்த மே மாதம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அந்த வருடத்தில் அது எனக்கு நான்காவது வேலை. வாசல் காவலாளி யாழ்ப்பாணத்தவர், மெலிந்தவர். தொப்பி காதுவரை இறங்கியிருக்கும். உள்ளே போகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவரோ ஒருவரிடமும் கேட்பதில்லை.

“அண்ணை, உங்களுக்குக் கண் தெரியாதெண்டு சுப்பவைசர் சொல்லித் திரியிறான். வேலை போகப்போகுது,” என்றேன்.

“தென்னாபிரிக்காவில ஒரு வருசம் கணக்குப் படிப்பிச்சனான். கறுப்பாக்கள் பாஸ் இல்லாமல் ரவுணுக்குள்ள நடக்கேலாத காலம். காலமையில பொலிஸ் எங்கட ஹெட்மாஸ்டரை, அவரும் கறுப்பர், மறிச்சுப் பாஸ் கேப்பான். பக்கத்தில வாற எனக்கு குட் மோர்னிங் சொல்லுவான்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நானும் குட் மோர்னிங் சொன்னன்.”

அடுத்த கிழமை அவருடைய வேலை போய்விட்டது. புதிய காவலாளி என் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆனாலும் அட்டையைத் திரும்ப வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.